கடற்பக்கக் கதவுக்கு ஒரு பலகை

சிவப்பு எழுத்து என்றால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. கடை வாசலிலோ ஆஸ்பத்திரிச் சுவரிலோ கண்டால் முகம் தானாகச் சுளித்துக்கொள்ளும். வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு காலத்தில் அந்தச் சிவப்பு எழுத்துக்காக ஊர் முழுக்க அலைந்து, பார்த்துப் பார்த்து எழுதுவித்தவள் நான். அந்த எழுத்துக்கு நேர் கீழே என் தங்கை உட்கார்ந்து வேலை செய்தாள்.

திருகோணமலைத் துறைமுகத்தின் உள்குடா ஓரத்தில், யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன நீளமான தகரக் கிட்டங்கி ஒன்றில் எங்களுக்கு வேலை. பழைய சாக்குகள் கப்பலிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் பொதி பொதியாக வந்து இறங்கும். கிழிந்ததைப் பெண்கள் கோணி ஊசியாலும் சணலாலும் பொத்தித் தைப்போம். தைத்த சாக்கு வயல் வெட்டுக் காலத்தில் கிளிவெட்டிக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் நெல்லுக்குப் போகும். டவுன் கரையோரத்துப் பெண்களும், மூதூரிலிருந்து காலை லாஞ்சுப் படகில் வரும் முஸ்லிம் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து தைத்தோம். அவர்களை மேற்பார்வை செய்வது என் வேலை. என் வாய் பொல்லாத வாய் என்று பின்னால் சொல்வார்கள். முன்னால் சொல்ல ஒருத்திக்கும் துணிவு இருந்ததில்லை, என் தங்கையைத் தவிர.

அவளுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிவிட்டது. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். அம்மா போன பிறகு வீட்டில் தனியே விட மனமில்லாமல் நானே அவளைக் கிட்டங்கிக்குக் கூட்டி வந்தேன். கடற்பக்கத்துக் கோடியில், இடுக்கால் கொஞ்சம் காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்கார வைத்தேன். கால்தான் சரியில்லையே தவிர, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஊசியைவிட வேகமாக நாக்கு ஓடும். சல்லிக் கரையில் யார் வலையில் எவ்வளவு பெரிய மீன், நிலாவெளிக் கலியாணத்தில் யார் யாரோடு கோபம், எல்லாம் அவளிடம் இருக்கும். நல்ல கணீரென்ற குரல். கிட்டங்கியின் மறு கோடியில் நிற்கும் எனக்கே ஒவ்வொரு சொல்லும் கேட்கும்.

"வாயை மூடடி, ஊசி விரலுக்குள்ள போகப் போகுது!" என்று கத்துவேன்.

"விரலுக்குள்ள போனா என்ர விரல்தானே அக்கா. நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ," என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்தக் கிட்டங்கிக்கு இரண்டு கதவுகள். ஒன்று றோட்டுப் பக்கம். அதற்குள் ஒரு ஒடுக்கமான நடை. அங்கேதான் வாச்சர் கதிரை போட்டு இருப்பார். அங்கேதான் நாங்கள் செருப்பைக் கழற்றி வைப்போம். சாக்குப் பாயில் செருப்போடு யாரும் ஏறமாட்டார்கள். போகும்போது சணல் உருண்டை ஏதும் கொண்டு போகிறோமா என்று எங்கள் பைகளைச் சோதிப்பதும் அங்கேதான். மற்றக் கதவு என் தங்கைக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி. முன்பு வள்ளங்களில் சரக்கு ஏற்றிய கதவு. குறுக்கே இரும்புச் சட்டம் போட்டு, பெரிய பூட்டும் போட்டிருந்தது. கடல் வழியாகப் பொதி களவு போகும் என்று மனேஜருக்குப் பயம்.

றோட்டுக் கதவுக்கும் என் தங்கைக்கும் நடுவில் பொதிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். பொதிகளுக்கு இப்பால், றோட்டுக் கதவு இருக்கிற முன்பக்கத்தில், சாக்கின் தூசியை உதறும் இயந்திரம். அதன் மோட்டர் சில நாட்களில் பொறி தட்டும். சணல் தூசிக்கு நெருப்புப் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் ஓடுவார்கள். அவளால் ஓட ஏலாது. நான் மனேஜரிடம் இதைச் சொன்னேன். "பிடிக்கேக்க பாப்பம்," என்றார். பிடித்த பிறகு என்னத்தைப் பார்ப்பது!

பிறகு ஒரு நாள் தொழிற்சாலைப் பரிசோதகர் ஒருவர் வந்தார். ஒல்லியான, அமைதியான மனிதர். அரசாங்க ஆள் என்றால் கதிரையில் இருந்து இளநீர் குடித்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். இவர் கிட்டங்கி முழுக்க நடந்தார். கடற்கதவின் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத் திறப்பைக் கேட்டார். வாச்சர் தேடினார், தேடினார், காணவில்லை. பரிசோதகர் சத்தம் போடவில்லை. என் தங்கையின் காலைப் பார்த்தார், பொதிகளைப் பார்த்தார், மனேஜரைப் பார்த்தார்.

"ஆக்கள் உள்ளுக்கு இருக்கேக்க இந்தக் கதவில பூட்டு இருக்கக் கூடாது," என்றார். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும். இரண்டு கதவுக்கும் மேலே, இதுதான் வெளியேறும் வழி என்று பலகை வைக்கவேண்டும். சிவப்பு எழுத்து. தூரத்திலிருந்து தெரிகிற அளவு. பொதி மறைக்கக் கூடாது. வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த மொழியில் இருக்கவேண்டும். அவர் சொல்லச் சொல்ல எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது.

அவர் போனதும் மனேஜர் என்னைக் கூப்பிட்டார். "உமக்குத்தானே இதில பெரிய கவலை. பலகை அலுவலை நீரே பாரும்."

பார்த்தேன். முதலில் அவர் தன் கந்தோர் அறை அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய எனாமல் தகட்டை எடுத்துத் தந்தார். வெள்ளைக்காரன் காலத்தது. இங்கிலீசில் மட்டும் ஒரு சொல், சின்னதாக. அதைக் கடற்கதவின் மேல் பிடிக்கச் சொல்லிவிட்டு மறு கோடிக்குப் போய் நின்று பார்த்தேன். தகடு தெரிந்தது, எழுத்துத் தெரியவில்லை. தெரிந்தாலும் எங்களில் யார் இங்கிலீசு வாசிக்கப் போகிறோம்? "இது உங்கட கந்தோருக்குத்தான் சரி ஐயா," என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு குறிஞ்சாக்கேணியிலிருந்து வள்ளங்களுக்குப் பெயர் எழுத வருகிற முஸ்லிம் நானாவைப் பிடித்தேன். அவர் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு கதவைப் பார்த்தார்.

"சிவப்பு வாணாம் புள்ள. இந்த உப்புக் காத்துக்கு அதான் மொதல்ல மங்கும். நீலம் அடிப்பம், பாக்க வடிவாயும் இரிக்கும்."

"சட்டத்தில சிவப்பெண்டுதான் இருக்காம் நானா."

"சட்டத்துக்குக் கடக்காத்துத் தெரியுமா?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் சிவப்பைத்தான் குழைத்தார். எழுத்து ஒரு சாண் உயரம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். என்ன எழுதுவது என்பதிலும் எங்களுக்குள் கதை வளர்ந்தது. 'அவசர நிர்க்கமன வாயில்' என்று மனேஜர் ஒரு துண்டில் எழுதித் தந்திருந்தார். அதை வாசித்து முடிக்கிறதற்குள் ஆள் வெந்துவிடும். 'வெளியே போகும் வழி' என்று எழுதுவித்தேன். அதன் கீழே சிங்களம், அதன் கீழே இங்கிலீசு. வெள்ளைப் பலகை, சிவப்பு எழுத்து. கடற்கதவின் பூட்டும் இரும்புச் சட்டமும் கழன்றன. பலகை ஏறிய அன்று கோடியில் நின்று பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இனி அவளுக்குப் பயமில்லை என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை பார்த்தால், கடற்கதவுக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் பாயை இழுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்கள். என் தங்கை மட்டும் பழைய இடத்தில். மூதூரிலிருந்து வருகிறவர்களில், எங்கள் எல்லோருக்கும் அக்கா போல, வயதில் மூத்த ஒரு ராத்தா இருந்தா. என்ன நடக்கிறது என்று அவவிடம் கேட்டேன்.

"செவப்புப் பலக போட்டிரிக்கே புள்ள. அந்தப் பக்கம் போகப்படாதெண்டுதானே?"

எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அவ சொன்னது இந்த ஊரில் பிறந்த யாரும் சொல்லக்கூடியதுதான். துறைமுகத்தைச் சுற்றி எங்கே கம்பி வேலி இருந்ததோ அங்கே வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து இருந்தது. எண்ணெய்த் தாங்கிகளின் பக்கம், மலையடிவாரத்தில், பழைய இறங்குதுறைகளில். வெள்ளைக்காரன் எழுதினான், அவன் போன பிறகு நம்மவர்கள் அதற்கு மேலேயே புதுச் சிவப்புப் பூசினார்கள். விறகு பொறுக்கப் போன எங்கள் தாய்மாரை அங்கிருந்து துரத்திவிட்டார்கள். அந்த எழுத்தில் என்ன இருக்கிறது என்று எங்களில் யாரும் வாசித்ததில்லை. சிவப்பைக் கண்டால் திரும்பி நடக்கவேண்டும் என்று நடக்கப் பழகும்போதே பழகியிருந்தோம். நானும்தான். அது என் புத்தியில் ஏறாமல் போனது எப்படி என்று அன்று முழுக்க என்மேலேயே எரிச்சல் பட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். இது வெளியே போகிற வழி, மணி அடித்தால் கிட்டின கதவால் போகவேண்டும் என்று. "ஓம், ஓம்," என்று தலையாட்டினார்கள்.

பரிசோதகர் திரும்பவும் வந்து, சோதித்துப் பார்க்கவேண்டும் என்றார். வாச்சர் மணியை அடித்தார். தலையாட்டிய அத்தனை பேரும் எழும்பி றோட்டுக் கதவுக்கு ஓடினார்கள். அதற்கு மேலும் சிவப்புப் பலகைதான், ஆனால் அது நாளும் போய்வருகிற வாசல். அந்த ஒடுக்கமான நடையில் போய் அடைபட்டுக்கொண்டார்கள். முன்னால் போனவள் குனிந்து செருப்பைத் தேடுகிறாள், பின்னால் வந்தவள் அவள்மேல் விழுகிறாள். தட்டுப்பாட்டில் பாண் றொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. ஒரு சோடி றப்பர் செருப்பு அறுந்தால் ஊக்குக் குத்தித்தான் போடவேண்டும். அதை விட்டுவிட்டுப் போக ஒருத்திக்கும் மனம் வரவில்லை. கடற்கதவு அகலத் திறந்து கிடந்தது. வெளியே கடல் பளபளவென்று தெரிந்தது. அதன் பக்கம் ஒரு காகம்கூடப் போகவில்லை.

என் தங்கையைத் தேடினேன். பொதிகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தாள். முன்னால் ஓடினவர்கள் யாரோ இடித்திருந்தார்கள். தாடை வெடித்து இரத்தம் வந்தது.

"கதவு உனக்குப் பக்கத்திலதானேடி இருந்தது! நீ ஏன் இஞ்சால வந்தனி?"

"எல்லாரும் ஓடினவை அக்கா. நானும் வெளிக்கிட்டன். என்ர செருப்பும் அங்கதானே," என்றாள்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "உயிர் போகேக்க செருப்பைத் தேடுறீங்களே, விசருகளே!" என்று கத்தினேன். உண்மையான நெருப்பாக இருந்திருந்தால் அவள் அந்தப் பொதிகளுக்கு நடுவிலேயே கிடந்திருப்பாள். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

பரிசோதகரிடம் போய், பச்சையில் எழுத விடுங்கள் என்று கேட்டேன். சிவப்பைப் பற்றிய கதையை எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்கள் சொல்றது எனக்கு விளங்குது அக்கா. ஆனா சட்டம் சிவப்பெண்டு சொல்லுது. பச்சையைக் கண்டு நான் சரியெண்டு எழுத ஏலாது. எழுதாட்டி மனேஜர் திரும்பவும் பூட்டைக் கொழுவிப்போடுவார்." பலகையை இன்னொரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "பலகையை மாத்த ஏலாது. ஆக்களின்ர பழக்கத்தை மாத்த ஏலுமெண்டா பாருங்கோ. ஒரு மாதம் கழிச்சு வாறன்."

அன்று பின்னேரம் நானும் தங்கையும் மெல்ல மெல்ல வீட்டுக்கு நடந்தோம். தாடையில் மருந்துத் துணி ஒட்டியிருந்தது. அப்படியும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, பலகையை விடுங்கோ. செருப்பை எல்லாம் கொண்டந்து கடற்கதவுக்கு வெளியில போடுங்கோவன். செருப்பு இருக்கிற பக்கம் எல்லாரும் தன்பாட்டில வருவினம். நானும் அதில இருந்து காவல் பாப்பன். போறவை வாறவையோட ரெண்டு கதையும் கதைக்கலாம்."

"உனக்கு எப்பவும் கதைதான்," என்று ஏசினேன். ஆனால் வீடு வந்து சேர்கிறவரைக்கும் அது மனதில் நின்றது. செருப்பை வெளியில் வைத்தால், அதை எடுப்பதற்கே வெளியே போகவேண்டும்.

மனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் கடற்பக்கத்தால போனா சோதனை என்னெண்டு செய்யிறது?" என்றார். வாச்சரின் கதிரையையும் தூக்கி அங்கே போடுங்கள் என்றேன்.

"கடற்பக்கத்தால ஒரு பொதி போனா ஆர் பொறுப்பு?"

"ஒரு ஆள் போனா ஆர் பொறுப்பு ஐயா?"

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். வேலை போகப் போகிறது என்று நினைத்தேன். அவர் பொல்லாதவர் இல்லை, கணக்குக்குப் பயந்த மனிதர், அவ்வளவுதான். கடைசியில் வாச்சரைக் கூப்பிட்டுக் கதிரையைத் தூக்கச் சொன்னார்.

றோட்டுக் கதவும் திறந்துதான் இருந்தது, அதற்கு மேலும் ஒரு பலகை இருந்தது. ஆனால் அன்றுமுதல் காலையில் வருவதும் மாலையில் போவதும் கடற்பக்கத்தால். முதல் நாள் ராத்தா பலகையைப் பார்த்துவிட்டு பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டுதான் கீழால் வந்தா. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறென்று நடந்தார்கள். கொஞ்ச நாளில் யாரும் பலகையை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. வெளியே தாழ்வாரத்தில் செருப்புகள் வரிசையாகக் கிடக்க, உள்ளே வாசலோரம் என் தங்கை இருந்து ஒவ்வொருத்தியையும் விசாரிப்பாள். "என்ன, இண்டைக்குப் புதுச் சீலை? ஆர் வாங்கித் தந்தது?" சுங்கத்துக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். பரிசோதகர் வந்து மணி அடிப்பித்தார். எல்லோரும் கடற்கதவால் வெளியே போய் ஒழுங்காக நின்றார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த கச்சான் காலத்தில் தீப்பிடித்தது. தரைப்பக்கமிருந்து கச்சான் காற்று சூடாக அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகல். மோட்டரில் பொறி தட்டியதை நான் பார்த்தேன். பக்கத்துத் தூசி சட்டென்று பற்றியது. வாச்சர் ஓடிவந்து வாளித் தண்ணீரை ஊற்றுகிறதற்குள் முன்பக்கத்துப் பொதிகளில் ஏறிவிட்டது. றோட்டுக் கதவு அதற்கு அப்பால் மறைந்துபோனது. காற்று புகை முழுவதையும் கடற்பக்கமாக, எங்கள்மேல் தள்ளியது. பகல் இருட்டானது. நான் எழுதுவித்த ஒரு சாண் எழுத்து எங்கே? என் கையே எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் அலறினார்கள். எந்தப் பக்கம் கடல் என்று திசை கெட்டுவிட்டது. அப்போது அவளுடைய குரல் கேட்டது.

"இஞ்சால! எல்லாரும் இஞ்சால வாங்கோ! செருப்பு இஞ்சதான் கிடக்கு! என்ர குரலுக்கு வாங்கோ!"

கணீரென்று, எப்போதும் கதை சொல்லுகிற அதே குரல். ஒவ்வொருத்தியின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். அவளுக்குத் தெரியாத பெயர் அங்கே ஏது? நான் முன்னால் அகப்பட்டவர்களை முதுகில் தள்ளித் தள்ளி அந்தக் குரல் வந்த பக்கமாக விட்டேன். தவழ்ந்தும் விழுந்தும் போனார்கள். கதவடிக்கு வந்தபோது என் கை அவள்மேல் பட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றாள்.

"வெளியில போடி!"

"ராத்தா இன்னும் வரேல்ல அக்கா," என்றாள்.

யாரோ பின்னாலிருந்து முட்டித் தள்ள நான் வெளியே மணலில் போய் விழுந்தேன். இருமி இருமி எழும்பி முகங்களைப் பார்த்தேன். ராத்தாவைக் காணவில்லை. உள்ளே குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "ராத்தா! ராத்தா, இஞ்சால!" ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்தது. பிறகு புகைக்குள்ளிருந்து நாலு காலில் ராத்தா வந்தா. அதோடு குரல் நின்றுபோனது.

ஐயோ என்று நான் திரும்ப உள்ளே பாய்ந்தேன். நிலையோடு சரிந்து கிடந்தாள். கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டேன். மூச்சு இருந்தது. கிட்டங்கி கூரையோடு போனது. உள்ளே ஒருவரும் இல்லை.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பரிசோதகர் விசாரணைக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பலகை தெரிந்ததா என்று அவளிடம் கேட்டார். அவள் உதட்டை அசைத்தாள். அவருக்குக் கேட்கவில்லை. நான் குனிந்து அவள் வாயில் காதை வைத்துக் கேட்டு அவருக்குச் சொன்னேன்.

"பலகையை ஒருத்தரும் காணேல்லையாம்."

அவர் எழுதினார். பலகை சட்டப்படி இருந்தது, கதவு பூட்டப்பட்டிருக்கவில்லை என்றும் எழுதினார். அதிலும் பிழை இல்லை. அந்தப் பூட்டைக் கழற்றியது அவரும் அவருடைய சட்டமும்தான். எவ்வளவு எரிச்சல் பட்டாலும் அதை நான் மறுக்கமாட்டேன். பேனையை மூடிய பிறகும் அவர் எழும்பவில்லை. கண் கலங்கியிருந்தது. "இனிச் சரிவரும்தானே?" என்று டொக்டரிடம் கேட்டார். புகை தொண்டையைச் சுட்டுவிட்டது, குரல் இனி வராது என்றார் டொக்டர்.

வரவில்லை. காற்றுப் போல ஒரு சின்னச் சத்தம் மட்டும் மிஞ்சியது. வேறொரு கிட்டங்கியில் வேலை தொடங்கியபோது பலகையை நானே திரும்பவும் எழுதுவித்தேன், சிவப்பில், ஒரு சாண் உயரத்தில். செருப்புகளை அதன் கீழே வெளியில் போடுவித்தேன். அவளை அங்கே நான் கூட்டிப் போகவில்லை. ராத்தா லாஞ்சால் இறங்கி வேலைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து, அவளுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவா.

அவளுக்குக் கதை குறையவில்லை. இன்றைக்கும் நாள் முழுக்க ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் வாய் அசைவதைக் கண்டால் றேடியோவை நிறுத்துவேன். அடுப்பில் தாளிதம் பொரிந்துகொண்டிருந்தால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து, அவளுக்குப் பக்கத்தில் குந்திக் காதைக் கொடுப்பேன்.

"என்னக்கா, இப்பெல்லாம் வாயை மூடச் சொல்லி ஏசிறேல்லை?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

நான் ஏசுவதில்லை. என் சத்தத்தில் அவள் சொல்வது கேட்காமல் போய்விடும்.